ரத்தம் கேட்டு வந்த பெண்ணும் ஒரு சிட்டிகை மஞ்சளும்

சந்தேகப்படுகிறவன் வாயைத் திறந்து கேட்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். கூச்சப்படுகிறவன் சந்தேகமே படாதவனாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் அவனால் வீட்டுக்கும் கேடு, நாட்டுக்கும் கேடு. எனக்கு இரண்டும் தாராளமாக உண்டு. (நாட்டுக்குக் கேடு என்பது மிகை என்று நினைக்க வேண்டாம். என் ஒருவனால் ஒரு கல்லூரியின் தடயவியல் ஆராய்ச்சியே சில வாரங்கள் தடம் புரண்டு கிடந்தது.)

புதுக்கடை சந்திப்பில் எனக்கு ஆட்டிறைச்சிக் கடை. வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பேச்சு அந்த அளவுக்குக்கூட வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் "எலும்பு கொறச்சுப் போடும் ஓய்" என்பார்கள், தலையாட்டுவேன். "போன வாரம் முச்சூடும் எலும்பாட்டுல்லா போட்டீரு" என்பார்கள், அதற்கும் தலையாட்டுவேன். வெட்டுக்கட்டைக்குப் பின்னால் நிற்பதில் ஒரு வசதி இருக்கிறது. கையில் கத்தி வைத்திருக்கிறவன் பேசாமல் நின்றால் அவனைக் கூச்சக்காரன் என்று யாரும் நினைப்பதில்லை. கோபக்காரன் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்துவிடுவார்கள். இப்படியே பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன்.

என் மகள் ஷைனிக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்து, காப்பி குடித்து, சிரித்துப் பேசி, அப்புறம் காரணமே சொல்லாமல் நின்றுபோயிருந்தது. காரணம் சொல்லியிருந்தால் ஒன்றைப் பற்றித்தான் கவலைப்பட்டிருப்பேன். சொல்லாததால் எல்லாவற்றைப் பற்றியும் கவலைப்பட்டேன். மூன்றாவதாக மயிலாடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுடைய அப்பா ஞானசிகாமணி சிற்பக் கூடம் வைத்திருப்பவர். கல்லைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே உள்ளே கீறல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த அன்று மேசையைத் தட்டினார், சுவரைத் தட்டினார், போகும்போது என் தோளையும் தட்டினார். அன்பாகத் தட்டினாரா, சோதித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெண்ணைப் பிடித்திருந்தது. தேதியும் குறித்தாயிற்று. ஓலை வாசிப்பதுதான் பாக்கி. எங்கள் சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் திருமணம், ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று சபை முழுவதையும் பார்த்துக் கேட்பார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் அறிவிப்பு. எனக்கு அது வேண்டாத வேலையாகப் பட்டது. சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஏதாவது கெடுக்கத் தோன்றுகிறதா என்று கேட்பானேன்?

இந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள்.

தலைக்கவசத்தைக் கழற்றினால் முகத்தில் முகமூடி. கையில் வெள்ளை ரப்பர் உறை. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு ஐஸ் பெட்டி. பெயர் லிஜா என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"அண்ணே, ஆட்டு ரத்தம் கிடைக்குமா?"

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பொரிப்பதற்கு ரத்தம் வாங்குகிறவர்கள் நிறைய உண்டு. தட்டில் உறைந்திருந்ததை எடுத்துக் காட்டினேன்.

"இது வேண்டாம் அண்ணே. உறையாத ரத்தம் வேணும். வெட்டும்போ நேரா இதுல பிடிச்சுத் தரணும்" என்று ஒரு கண்ணாடிப் புட்டியை நீட்டினாள். உள்ளே குன்றிமணி அளவில் கண்ணாடி மணிகள் கிடந்தன. "பிடிச்சிட்டு இப்பிடி மெதுவா சுத்திக்கிட்டே இருக்கணும். நிறுத்தப்பிடாது, கேட்டியளா?"

அவள் சொன்னபடியே பிடித்துச் சுற்றிக் கொடுத்தேன். புட்டியில் ஒரு காகிதம் ஒட்டி, பேனாவை எடுத்தாள்.

"ஆடு எந்த ஊரு அண்ணே?"

சொன்னேன்.

"என்ன தீனி தின்னுது?"

அதையும் சொன்னேன்.

"எந்தத் தண்ணி குடிச்சுது?"

கிடாயா, இளசா, நேற்று வெட்டியதா, இன்று வெட்டியதா என்று கேட்டவர்கள் உண்டு. செத்துப்போன ஆடு எந்தத் தண்ணீர் குடித்தது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஏன் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் தலையைச் சொறிந்தேன்.

பக்கத்துக் கடை சசிக்குக் கோழி வியாபாரம். நாக்கு நீளம். நான் கேட்காததையெல்லாம் எனக்காக அவன் கேட்பான். இரண்டாவது தடவை அவள் வந்தபோது, அவனே முன்னால் வந்தான்.

"பிள்ளே, என்னத்துக்காக்கும் இவ்வளவு ரத்தம்?"

அவள் சிரித்தாள். "கண்ணுக்குத் தெரியாத சிலத வளக்கேன் அண்ணே. அதுகளுக்குத் தீனி போடணும்லா?"

ஸ்கூட்டர் போனது. சசி என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தினான்.

"மக்கா, கேட்டியா?"

"ம்."

"செவ்வாக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும் வாறா. ரத்தம் கேக்கா. கண்ணாடி மணி போட்டுச் சுத்தச் சொல்லுகா. ஊரு பேரு எழுதுகா. இப்பம் அவ வாயாலயே சொல்லிட்டா, கண்ணுக்குத் தெரியாதத வளக்காளாம். இது குட்டிச்சாத்தான் இல்லாம வேற என்னதுடே?"

(செவ்வாய், வெள்ளியில் அவள் வந்ததற்குக் காரணம், வாரநாட்களில் நான் ஆடு வெட்டுவதே அந்த இரண்டு நாட்கள்தான். இது எனக்குத் தோன்றவில்லை. வெட்டுகிறவனே நான்தான் என்றாலும் தோன்றவில்லை.)

மந்திரம், செய்வினை இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுத்தமாகக் கிடையாது. மற்ற நாட்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. போதகரிடம் கேட்கலாம் என்றால், கேட்கிற ஆளைத்தான் முதலில் திருத்தப் பார்ப்பார். என் மனைவி சரோஜாவிடம் சொன்னால் முழங்காலில் நிற்கவைத்து ஜெபிக்கச் சொல்லிவிடுவாள். ஆகவே எல்லாவற்றையும் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். உள்ளே வைத்தது பருத்தது.

யார் ஏவியிருப்பார்கள்? யோசிக்கத் தொடங்கினேன். எனக்குப் பகையாளி என்று யாரும் இல்லை. பகைத்துக்கொள்ளக்கூட நாலு வார்த்தை பேச வேண்டும். அப்படியானால் சொந்தத்தில்தான் யாரோ. என் அண்ணன் மனைவி கிரேஸ் மைனியின் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது. மைனியின் மகளுக்கும் ஷைனியின் வயதுதான். அவளுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. இவ்வளவுதான் சாட்சியம். அந்த வெள்ளிக்கிழமை லிஜாவின் ஸ்கூட்டர் மைனி வீட்டு முன்னால் நிற்பதைப் பார்த்தேன். அங்கே ஒரு பலாமரம் உண்டு, சந்திப்பில் நிழல் இருக்கிற இடமே அதுதான், வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வண்டியை நிறுத்துவார்கள். என் வண்டியும் அங்கேதான் நிற்கும். ஆனாலும் எனக்குத் தீர்ப்பு எழுத அது போதுமாக இருந்தது.

அடுத்த தடவை வந்தபோது லிஜா இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"அண்ணே, ஒரே இடத்தில வளந்து ஒரே கிணத்துத் தண்ணி குடிச்ச ஆடு கிடைச்சா ரொம்ப நல்லாருக்கும். உங்க வீட்டில ஆடு நிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன். பின்பக்கம் கட்டியிருந்த கிடா அந்த நேரம் பார்த்துக் கத்தியது.

"நிக்குதே!" என்று சந்தோஷப்பட்டாள். "அடுத்த தடவை அதுக்க ரத்தம் தாங்க. கூடவே உங்க கிணத்துத் தண்ணியும் ஒரு புட்டி."

என் வீட்டு ஆடு. என் வீட்டுக் கிணறு. இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன தெரிய வேண்டும்? தொடையெலும்பை வெட்டுவதற்குப் பதிலாகக் கட்டையை வெட்டினேன்.

சசி அன்று எனக்கு வைத்தியம் சொன்னான். "ரத்தத்தில ஒரு சிட்டிகை மஞ்சளும் உப்பும் போட்டுரு மக்கா. சாத்தான் தின்னாது. தின்னாலும் ஏவினவளையே போய்ப் பிடிக்கும்."

"நிச்சயமாட்டா?"

"பின்ன? எனக்க மாமாவுக்கு இதே சங்கதிதான்."

(அவனுடைய மாமாவுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அதையும் கேட்கவில்லை.)

மஞ்சளுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. தோலோடு வாட்டிய ஆட்டின் மேல் தடவுவதற்கு ஒரு கிண்ணம் மஞ்சள்தூள் எப்போதும் கட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். ரத்தத்தைப் பிடித்துப் புட்டியைச் சுற்றும்போது அந்தப் பக்கம் திரும்பி நின்று ஒரு சிட்டிகை மஞ்சளும் இரண்டு கல் உப்பும் போட்டேன். சுற்றச் சொல்லிக் கற்றுக்கொடுத்ததும் அவளே, ஆகவே நன்றாகக் கலந்தது. கிணற்றுத் தண்ணீரும் கொடுக்கவில்லை. சசியின் கடைக் குழாயில் பிடித்த தண்ணீரைப் புட்டியில் நிரப்பி, எங்கள் கிணறு என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவள் ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "நிறம் ஒரு மாதிரி இருக்கே அண்ணே?"

"ஆடு வெயில்ல நின்னுது" என்றேன்.

அந்த மாதம் நான் அவளிடம் பேசிய ஒரே முழு வாக்கியம் அதுதான்.

அதன்பின் அவளுக்குக் கொடுத்த எல்லாப் புட்டியிலும் மஞ்சள் போட்டேன். முதல் ஓலை வாசித்தார்கள். வாசிக்கும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் சபையைப் பார்த்தேன். ஒரு கிழவர் தும்மினார், என் உயிர் போய் வந்தது. வேறு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. மஞ்சளின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த தடவை லிஜா வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது. அதற்கடுத்த தடவை கண்ணுக்குக் கீழே கருவளையம். சிரிக்கவே இல்லை. "அண்ணே, எல்லாம் தப்புத் தப்பாட்டு வருது. எனக்கு ஒண்ணும் பிடி கிடைக்கல்ல" என்று தானாகவே சொன்னாள். நான் வெட்டிக்கொண்டே உள்ளுக்குள் கும்மாளம் போட்டேன். ஏவல் திரும்பிவிட்டது! ஒரு பிள்ளை அழுகிற நிலையில் நிற்கிறாள், நான் அதைப் பார்த்து மனதுக்குள் கைதட்டுகிறேன். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

இரண்டாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, சம்பந்தி ஞானசிகாமணி கடைக்கே வந்துவிட்டார். மறுவீட்டு விருந்துக்குக் கறி பற்றிப் பேச வேண்டுமாம். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன். சரோஜாவுக்கு வீட்டுக்குள் சொல்லி அனுப்பி, காப்பி வருவதற்காகக் காத்திருந்தோம். அவர் பேசினார், நான் தலையாட்டினேன். சம்பந்தம் மிக நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஒரு வெள்ளை வேன் வந்து கடைமுன் நின்றது.

வேனின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நான் பாதி தூரம் போவதற்குள் சம்பந்தி சத்தமாகவே படித்துவிட்டார்.

"தடயவியல் ஆய்வுத் திட்டம்." என் பக்கம் திரும்பினார். "என்னவே ஓய், கொலைக்கேசுக்குல்லா இவங்க வருவாங்க?"

வேனிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். (அவர் ஓட்டுநர். அதுவும் பிறகுதான் தெரிந்தது.) அப்புறம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பேராசிரியை. கடைசியில் லிஜா. அழுது முகம் வீங்கியிருந்தது.

பேராசிரியை மெதுவான குரலில் பேசினார். அந்தக் குரல்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"ஐயா, இந்தப் பெண்ணுக்கு நீங்கள் தருகிற ரத்தத்தில் வேறு ஏதாவது சேர்ப்பதுண்டா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மஞ்சள்?"

தலை பாதி வழியில் நின்றுவிட்டது.

"கொஞ்சம் வெளக்கமாச் சொல்லுங்கம்மா" என்றார் சம்பந்தி. "இவரு எனக்குச் சம்பந்தி ஆகப் போறவரு."

அந்த அம்மா அவருக்குச் சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னார். கிருமிகளுக்கும் தீனி வேண்டும். ஆய்வகத்தில் அவற்றை ரத்தம், கஞ்சி மாதிரி ஏதாவது ஒன்றில் வளர்ப்பார்கள். எதைத் தின்று வளர்ந்ததோ அதன் ரசாயன அடையாளம் கொஞ்சம் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஊற்றின தண்ணீரின் அடையாளமும் இருக்கும். நாளைக்கு ஒரு பாவி கெட்ட எண்ணத்தோடு ஏதாவது கிருமியை வளர்த்துச் சாப்பாட்டில் கலந்தான் என்றால், அதை எந்தத் தீனியில், எந்த ஊர்த் தண்ணீரில் வளர்த்தான் என்று இயந்திரத்தில் பார்த்து ஆளை நெருங்கிவிடலாம். அதற்காக இவர்கள் யாருக்கும் தீங்கு செய்யாத அப்பாவிக் கிருமிகளை வளர்த்துப் பழகுகிறார்கள். அதுதான் லிஜாவின் ஆராய்ச்சி.

"ஆடு என்ன தின்னுது, என்ன தண்ணி குடிச்சுதுன்னு நான் கேட்டது அதுக்குத்தான் அண்ணே" என்றாள் லிஜா.

எனக்குள்ளே இருந்த குட்டிச்சாத்தான் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனது.

பேராசிரியை தொடர்ந்தார். சில வாரங்களாகக் கிருமிகள் சரியாக வளரவில்லை. இயந்திரத்தில் வரைபடம் போட்டுப் பார்த்தால் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு கொம்பு முளைத்து நின்றது. என்னவென்று தேடினால் மஞ்சள். முதலில் ஆய்வகத்தில் உட்கார்ந்து யாரோ மீன்குழம்பு சாப்பிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு எல்லோருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தையும் வெளியேற்றினாராம். கொம்பு போகவில்லை. பிறகு, லிஜா வேண்டுமென்றே எதையோ கலந்து முடிவுகளை மாற்றுகிறாளோ என்று சந்தேகம். கடைசியில் மீதியிருந்த ரத்தப் புட்டிகளையே சோதித்தார்கள்.

"அண்ணே, நான்தான் கலந்தேன்னு எல்லாரும் நெனைக்காவ. எனக்க படிப்பையே நிறுத்திப் போடுவாவ. உள்ளதச் சொல்லுங்க அண்ணே" என்றாள் லிஜா.

அப்போதும் நான் யோக்கியனாகவில்லை. எனக்கு முன்னால் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தைக் காட்டி, "கை தவறி விழுந்திருக்கும்" என்றேன்.

"ஒரு புட்டி என்றால் சரி" என்றார் பேராசிரியை. "எல்லாப் புட்டியிலும் ஏறக்குறைய ஒரே அளவு. கை இவ்வளவு கணக்காகத் தவறுமா ஐயா?"

நான் கட்டையைப் பார்த்தேன்.

"கிணற்றுத் தண்ணீர் என்று கொடுத்தீர்கள். அது மருந்து போட்ட குழாய்த் தண்ணீர். கிணறும் கை தவறியா மாறிப்போச்சு?"

பக்கத்துக் கடையில் சசி ஒரு கோழியும் இல்லாமலே வெறும் கட்டையைப் பலமாக வெட்டத் தொடங்கினான்.

சம்பந்தி ஸ்டூலிலிருந்து எழுந்தார். தொங்கிக்கொண்டிருந்த ஆட்டுத் தொடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓய், ரத்தத்தில கலக்குதவரு கறியில கலக்க மாட்டாருன்னு நான் எப்பிடி நம்புவேன்? என்ன கலக்குதீரு, எதுக்குக் கலக்குதீரு? இதுக்கு எனக்குப் பதில் தெரியணும். இல்லாட்டா நாளைக்கு ஓலை வாசிக்காண்டாம்னு உங்க போதகருக்கு இப்பமே போன் போட்டிருவேன்."

சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தும்விட்டார்.

எந்தக் கல்யாணம் நின்றுபோகக் கூடாது என்று நான் மஞ்சள் போட்டேனோ, அந்தக் கல்யாணம் அந்த மஞ்சளாலேயே என் கண்முன்னால் நிற்கப் போகிறது. வீட்டுக்குள் ஷைனி கல்யாணச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுப்பது பற்றி யாரிடமோ போனில் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. நான் கத்தியைக் கீழே வைத்தேன். கத்தி இல்லாமல் கடையில் நின்றதே எனக்குப் புதிது.

"இந்தப் பிள்ளைய நான் மந்திரவாதின்னு நெனச்சேன்" என்றேன்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். அணை உடைந்தால் தண்ணீர் நிற்காது என்பார்களே, எனக்கு அன்று அதுதான் நடந்தது. பாதி ஆயுளுக்குச் சேர்த்துவைத்த பேச்சு முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை, கண்ணாடி மணி, குட்டிச்சாத்தான், வீட்டு ஆடு, கிணறு எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுபோன இரண்டு சம்பந்தங்களையும் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். "ஏவிவிட்டது கிரேஸ் மைனியாட்டு இருக்கும்னு நெனச்சேன். கலியாணம் நிச்சயமானதுக்கு மைனி முந்திரிக்கொத்து செஞ்சு தந்தாவ. அதத் தின்னாம கோழிக்குப் போட்டேன். கோழி சாவல்ல. கோழியும் அவங்க கூட்டோன்னு நெனச்சேன்" என்று சொல்லி நிமிர்ந்தால், சம்பந்திக்குப் பின்னால் காப்பித் தட்டோடு சரோஜா நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில், பலகாரத் தட்டோடு கிரேஸ் மைனி.

எனக்கு அடுப்புக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. கறிக்கடையில் அடுப்பு இல்லை.

மைனி தட்டைக் கட்டையின் மேல் வைத்தார். "ஏலே, எனக்க முந்திரிக்கொத்தக் கோழிக்காலே போட்ட?"

தலையாட்டினேன்.

"எந்தக் கோழிக்கு?"

"செவலைக்கு."

"எவ்வளவு போட்ட?"

"எல்லாத்தையும்."

மைனி ஒரு நிமிடம் என்னை முறைத்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் சம்பந்தியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்பம் இவன் சின்னப் பய. அப்பமே இப்பிடித்தான். கட்டிலுக்கு அடியில பாத்துட்டுத்தான் படுப்பான். பேசத் தெரியாது, நெனைக்க மட்டும் தெரியும். ஆனா கறியில கலப்படம் செய்வான்னு மட்டும் நெனச்சிராதிய. கலப்படம் செய்யதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும். அது இவனுக்குக் கிடையாது."

சந்தேகப்பட்ட எனக்காக, சந்தேகிக்கப்பட்டவரே ஜாமீன் நின்றார். இவ்வளவு அவமானமான ஜாமீன் யாருக்கும் கிடைத்திருக்காது.

சம்பந்தி கைப்பேசியைப் பையில் போடவில்லை. என் அருகில் வந்தார். "ஓய், நீரு இவ்வளவும் செஞ்சது எங்க சம்பந்தம் போயிருமோன்னு பயந்துதானே?"

"ஆமா."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"இல்ல."

அவர் என் முகத்தை, கல்லுக்குள் கீறல் தேடுவதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. உடம்பு குலுங்கிச் சிரித்தார். "நாளைக்கு ஓலை வாசிக்கட்டும். எங்களுக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா ஒண்ணு. மறுவீட்டுப் பிரியாணிக்கு மஞ்சள் நாங்க எங்க ஆள வச்சுப் போட்டுக்கிடுதோம்."

அடுத்த கடையில் வெட்டுச் சத்தம் நின்றது.

லிஜாவுக்கு நான் கைகூப்பினேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்து, இருந்த பேச்சு எல்லாம் தீர்ந்துவிட்டதால், வெளியே வரவில்லை. அவள் அழுகையோடே சிரித்தாள். "மந்திரவாதின்னா நெனச்சிய? எங்க அம்மை கேட்டா என்ன சொல்லுவாவளோ."

பேராசிரியைதான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். புட்டிகளில் என்ன இருக்கிறது என்று எதுவுமே தெரியாத வேறு சில மாணவர்களிடம் அந்தக் கிருமிகளைக் கொடுத்திருந்தாராம். எதில் வளர்ந்தது என்று கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பரீட்சை. அவர்கள் ஆட்டு ரத்தம், மஞ்சள், குழாய்த் தண்ணீர் என்று எழுதினார்கள். மஞ்சள் எப்படி வரும் என்று அவர்களைத் திட்டி அனுப்பினாராம். "யாருக்கும் தெரியாமல் ஒருவர் செய்ததை இந்த முறை காட்டிக் கொடுத்திருக்கிறது. இதைவிட எங்களுக்கு என்ன நிரூபணம் வேண்டும்? லிஜா, உன் ஆராய்ச்சி நிற்காது. நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றார். அவளிடம் கேட்கவும் செய்தார், நடுச்சந்தியில் வைத்து. படித்தவர்களுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது லிஜா புதிதாக இரண்டு புட்டிகளைக் கட்டையின் மேல் வைத்தாள். "ஒண்ணுல மஞ்சள் போடணும், ஒண்ணுல போடப்பிடாது. ஒத்துப் பாக்கணும். மாத்திப் போட்டிராதிய அண்ணே, எப்பிடியும் கண்டுபிடிச்சிருவோம்."

இரண்டாவது ஓலையும் மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். கல்யாணம் நடந்தது. லிஜா வந்து வயிறாரச் சாப்பிட்டாள். பேராசிரியை வரவில்லை, ஒரு குடை பரிசாகக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஏன் குடை என்று கொஞ்ச நாள் யோசித்தேன். சரோஜா என் பார்வையைப் பார்த்துவிட்டு அதை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கிரேஸ் மைனி இப்போதும் பலகாரம் செய்தால் எனக்குக் கொண்டுவருவார். ஆனால் என் கையில் நேராகத் தருவதில்லை. முதலில் ஒரு துண்டைக் கிள்ளி முற்றத்தில் போடுவார். கோழி கொத்தித் தின்பதைக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். அப்புறம்தான் எனக்கு.

மருமகன் வீட்டில் கதை வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை வந்த பிறகு, இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் ஷைனியைப் பார்க்க மயிலாடி போனேன். வழியில் பஸ் மாறுகிற இடத்தில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி சூடாக இருந்தது. வாயைத் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன்.

மருமகன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மாமா, வழியில எதும் சாப்பிட்டியளா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"ஷைனி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "லிஜாக்க நம்பர் கையில இருக்கா? மாமாக்க ரத்தம் ஒரு புட்டி அனுப்பணும்."

"ரெண்டு பழம்பொரி" என்றேன் உடனே.

"ரெண்டுதானா?"

"மூணு."

வெளியே சிற்பக் கூடத்தில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நிற்கவே இல்லை, அதற்கு நடுவில் சம்பந்தியின் குரல் மட்டும் வந்தது.

"எந்த எண்ணெயில பொரிச்சதுன்னும் கேளு."